பின்மேடையில் டிங்கி: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது எப்படி

சியாட்டிலுக்கு வடக்கே சான் வான் தீவுகள், அதற்கும் மேலே கனடா எல்லைக்குள் டெசலேஷன் சவுண்ட். கோடையில் இந்தப் பக்கம் மோட்டார் க்ரூஸரில் சுற்றுபவர்களுக்கு டிங்கி இல்லாமல் காரியம் ஆகாது. சூசியா, ஸ்டூவர்ட் மாதிரித் தீவுகளில் பெரிய படகை மிதவையில் கட்டிவிட்டுக் கரைக்குப் போக வேண்டும். காலையில் நாயைக் கரையில் இறக்கவும், நண்டுக் கூடு போடவும், நங்கூரம் போட்டபின் கரையோர மரத்துக்குப் பின்கயிறு கட்டவும் அந்தச் சின்னப் படகுதான் வாகனம். அதைக் கயிறு கட்டி இழுத்துப் போகலாம். கயிறு என்றைக்காவது புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். கூரைமேல் ஏற்றலாம், அதற்குக் கிரேன் வேண்டும். அதனால் 9 முதல் 13 மீட்டர் வரையுள்ள படகுகளில் பலரும் ஸ்விம் பிளாட்ஃபார்ம் என்கிற பின்மேடையில்தான் டிங்கியை வைக்கிறார்கள்.

வைக்கும் முறை இரண்டு. ஒன்று, டிங்கியின் ஒரு பக்கத்துக் காற்றடைத்த டியூபில் ஒட்டிய கொக்கிகளை மேடை விளிம்பில் உள்ள பிடிகளில் மாட்டி, மறுபக்கத்தைக் கயிற்றால் தூக்கி, டிங்கியைக் கதவு சாத்திய மாதிரி நிமிர்த்தி நிறுத்துவது. காற்றடைத்த டிங்கிகளுக்கு இதுதான் சுலபம், செலவும் குறைவு. இன்னொன்று, மேடைமேல் தாங்கிகள் வைத்து டிங்கியைக் குறுக்காகப் படுக்க வைப்பது. ஹைட்ராலிக்கில் இறங்கி ஏறும் மேடை இருந்தால் இது சொகுசு.

இரண்டிலும் வரும் தொல்லைகளைக் கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். பலரும் முதலில் கேட்பது கொக்கி கழன்றதைப் பற்றித்தான். நான் ஆளைக் கொல்லக்கூடியவற்றை முன்னால் வைத்திருக்கிறேன். அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

எந்த அறிகுறியானாலும் முதலில் எடை பாருங்கள்

டிங்கி எவ்வளவு கனம் என்று கேட்டால் எல்லோரும் விற்பனைத் தாளில் இருக்கும் எண்ணைச் சொல்வார்கள். அது வெறும் உடல் எடை. 3.1 மீட்டர் அலுமினிய அடித்தள டிங்கி என்றால் 45, 50 கிலோ இருக்கும். அதில் 9.9 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு (டிங்கியின் பின்னால் மாட்டும் எஞ்சின்) 40 கிலோ. 12 லிட்டர் பெட்ரோல் டேங்கோடு 11 கிலோ. துடுப்பு, பம்ப், சிறு நங்கூரம், கயிறு, இருக்கை, உயிர்காப்பு அங்கிகள் எல்லாம் சேர்த்து இன்னொரு 15. தூக்கும் சாதனத்தின் எஃகு 15. ஆக, '50 கிலோ டிங்கி' என்பது மேடையில் 130 கிலோ.

ஒரு தொங்கு தராசு வாங்கி எஞ்சின், டேங்க், சாமான் எல்லாவற்றையும் தனித்தனியாகத் தூக்கி எடை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு படகின் கையேட்டில் மேடையின் தாங்குதிறனைத் தேடுங்கள். அந்த எண் மேடையில் நிற்கும் மனிதர்களையும் சேர்த்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கீழே வரும் அறிகுறிகளில் பாதி, இந்த எடையை எழுதிய தாளிலிருந்தே கிளை விடுகின்றன.

கேபினில் புகை வாடை, தலைவலி. டிங்கியின் அடியில் கரிப்படலம்

இதை நாளைக்குத் தள்ளிப்போட வேண்டாம். ஓடும் படகின் பின்னால் காற்றழுத்தம் குறையும். அந்தக் குறைவு எஞ்சின் புகையைத் திரும்ப உள்ளே இழுக்கும். டிங்கி இல்லாதபோதே நடப்பதுதான் இது. பின்னால் மூன்று மீட்டர் அகலத்துக்குச் சுவர் மாதிரி ஒரு டிங்கியை நிறுத்தினால் புகை கலைந்து போக வழி குறைகிறது. படுக்க வைத்தாலும் தப்பில்லை என்று சொல்ல முடியாது: பல படகுகளில் புகைக்குழாய் மேடைக்குக் கீழேதான் திறக்கிறது. மேடையும் டிங்கியும் சேர்ந்து அதற்குக் கூரை போட்டுவிடும்.

பெட்ரோல் எஞ்சினும் பெட்ரோல் ஜெனரேட்டரும்தான் பெரிய ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; எடையும் கிட்டத்தட்ட காற்றின் எடைதான், அதனால் மேலேயும் போகாது, கீழேயும் தங்காது. ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று தொடங்குவதால் கடல் ஒவ்வாமை என்று நினைத்து ஆளைக் கேபினுக்குள் படுக்க வைத்துவிடுவார்கள். அதைவிட மோசமான வைத்தியம் கிடையாது. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவின் லேக் பவல் ஏரியில் ஒரு வீட்டுப்படகின் பின்மேடைக்கு அடியில் இருந்த வெற்றிடத்துக்குள் நீந்திப் போன சகோதரச் சிறுவர்கள் இருவர் இறந்தார்கள். ஜெனரேட்டர் புகை அந்த வெற்றிடத்தில்தான் திறந்துகொண்டிருந்தது.

சோதனை எளிது. பின்தளக் கம்பிகளில் கை நீள நூல்களை ஐந்தாறு இடத்தில் கட்டுங்கள். டிங்கியோடு ஒருமுறை, டிங்கி இல்லாமல் ஒருமுறை, மெதுவாகவும் வேகமாகவும் ஓட்டிப் பாருங்கள். நூல் முன்பக்கம் பார்த்துப் பறந்தால் புகையும் அப்படித்தான் வருகிறது. டியூபில் படிந்த கரியும் புகை போகும் தடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

சரிசெய்ய: முன்பக்க ஹேட்ச் ஒன்றையும் முன்கண்ணாடியையும் திறந்து காற்று முன்னிருந்து பின்னாகப் போகும்படி செய்யுங்கள். முன்னால் எல்லாம் அடைத்து, பின் திரையை மட்டும் திறந்து ஓட்டுவதுதான் மிகக் கெட்ட ஏற்பாடு. மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடும் படகில் இந்த உறிஞ்சல் கூடும். அதற்கு, அடுத்ததற்கு அடுத்த பகுதியில் மருந்து இருக்கிறது. தூங்கும் ஒவ்வொரு அறையிலும் படகுக்கென்று செய்த கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கட்டும். ஜெனரேட்டர் ஓடும்போது யாரும் மேடையில் உட்காரவோ அருகில் நீந்தவோ கூடாது. ஜூலை, ஆகஸ்டில் டெசலேஷன் சவுண்டின் நீர் 20 டிகிரியைத் தாண்டும். பிள்ளைகள் மேடையை விட்டு நகர மாட்டார்கள். அங்கேதான் இந்த விதியைக் கண்டிப்பாகப் பிடிக்க வேண்டும்.

யாருக்காவது அறிகுறி தெரிந்தால் எஞ்சினை நிறுத்துங்கள், திறந்த காற்றுக்குக் கொண்டுவாருங்கள், வி.எச்.எஃப். ரேடியோவின் 16ஆம் சேனலில் உதவி கேளுங்கள். காரணம் தேடுவது அப்புறம்.

இரவில் பின்னால் வரும் படகுக்கு உங்கள் விளக்கு தெரியவில்லை

நிமிர்த்திய டிங்கி பின்விளக்கை அப்படியே மறைத்துவிடும். ஓட்டுபவர் முன்னால் உட்கார்ந்திருப்பதால் அவருக்கு இது தெரியவே தெரியாது. துறைமுகத்தில் ஒரு மாலை விளக்கைப் போட்டுவிட்டுப் படகுத்துறையில் பின்னோக்கி நடந்து பாருங்கள். 1972ஆம் ஆண்டின் கடல் மோதல் தடுப்பு விதிகளின்படி பின்விளக்கு 135 டிகிரி வளைவில், அதாவது நேர்பின்னிலிருந்து பக்கத்துக்கு 67.5 டிகிரி தெரிய வேண்டும். 12 மீட்டருக்குக் குறைந்த படகானாலும் அதன் தூரம் 2 கடல் மைல்.

உங்கள் படகு 12 மீட்டருக்குக் குறைவு என்றால் விதியிலேயே ஒரு வழி இருக்கிறது: முன் உச்சி விளக்கு, பின்விளக்கு இரண்டுக்கும் பதிலாகச் சுற்றெங்கும் தெரியும் ஒரே வெள்ளை விளக்கைப் பக்கவிளக்குகளோடு காட்டலாம். மாஸ்டில் நங்கூர விளக்கு ஏற்கெனவே அப்படித்தான் இருக்கும். ஒயரிங்கைக் கொஞ்சம் மாற்றினால் போதும். அப்போது பழைய பின்விளக்கு எரியக் கூடாது. 12 மீட்டருக்கு மேற்பட்ட படகில் பின்விளக்கை டிங்கியின் மேல் விளிம்பைத் தாண்டிய உயரத்துக்குக் கொண்டுபோவதுதான் வழி. டிங்கி டியூபில் உறிஞ்சு கிண்ணத்தோடு ஒட்டும் பேட்டரி விளக்கைச் சிலர் வைக்கிறார்கள். அவசரத்துக்குச் சரி. முதல் பெரிய அலைவரைதான் அது நிற்கும்.

மூக்கு தூக்குகிறது, வேகம் எடுக்கவில்லை, கறும்புகை

பின்மேடையில் வைக்கும் எடை படகின் நீளத்தில் கடைசி இடத்தில் உட்காருகிறது. சீசா பலகையின் நுனியில் பையன் உட்கார்ந்த மாதிரி, கொஞ்ச எடையே நிறைய வேலை செய்யும். 11 மீட்டர் படகில் மிதப்பின் மையத்திலிருந்து மேடை ஏறக்குறைய 5 மீட்டர் பின்னால் இருக்கும். அங்கே 130 கிலோ என்றால், அதைச் சமன்செய்ய மையத்துக்கு 3 மீட்டர் முன்னால் உள்ள தண்ணீர் டேங்கில் 217 லிட்டர் வேண்டும். கணக்கைப் பார்த்தால் தலை சுற்றும், ஆனால் வழியும் அதிலேயே தெரிகிறது.

முதலில் குற்றவாளி டிங்கிதானா என்று உறுதி செய்யுங்கள். அடிப்பகுதியில் ஒட்டுச்சிப்பி பிடித்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். ஒரே நாளில், நீரோட்டம் நின்ற நேரத்தில், டிங்கியோடும் இல்லாமலும் ஒரே பாதையில் இரு திசையிலும் ஓட்டி ஜி.பி.எஸ். வேகத்தையும் முழுத் த்ராட்டிலில் எஞ்சின் சுழற்சியையும் எழுதுங்கள். இரண்டு முறையும் சுழற்சி குறைவாகவே இருந்தால் அடிப்பகுதியையும் புரொப்பெல்லரையும் பாருங்கள். டிங்கியோடு மட்டும் குறைந்தால் தொடர்ந்து படியுங்கள்.

பரிகாரத்தை விலை குறைந்ததிலிருந்து தொடங்கலாம். அவுட்போர்டைக் கழற்றி முன்பக்கம் எடுத்துச் செல்ல முடியுமானால் அதுவே 40 கிலோவைக் கடைசி இடத்திலிருந்து எடுத்துவிடும். பின்தளத்தில் பதுக்கி வைத்த சாமான்களையும் உதிரி டப்பாக்களையும் முன்னறைக்கு மாற்றுங்கள். முன் தண்ணீர் டேங்கை நிரப்பியே வைத்திருங்கள். டிரிம் டேபை (பின்சுவரின் அடியில் உள்ள, படகின் சாய்வை மாற்றும் தகடு) வேகம் எடுக்கும்போதே இறக்கி, படகு சமநிலைக்கு வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். இவ்வளவுக்கும் மூக்கு இறங்கவில்லையென்றால் பெரிய டேப் போடுவதா, சின்ன டிங்கி வாங்குவதா என்று யோசிக்க வேண்டும். என் ஓட்டு சின்ன டிங்கிக்கே. ஐந்து நிமிடம் கரைக்குப் போய்வர 2.5 குதிரைத்திறன் எஞ்சின் தாராளம், அது வெறும் 17 கிலோ.

டீசல் படகில் இதை அலட்சியம் செய்யக் கூடாத காரணம் ஒன்று உண்டு. முழுச் சுமையில் எஞ்சின் தன் உச்சச் சுழற்சியைத் தொட வேண்டும். தொடாமல் கறும்புகை விட்டால் அது அதிகச் சுமையில் வெந்துகொண்டிருக்கிறது. டிங்கியை நிரந்தரமாக வைக்கப் போகிறீர்கள் என்றால் அந்த எடையோடு சேர்த்துத்தான் புரொப்பெல்லரின் பிட்சை, அதாவது இலைகளின் சாய்வை, சரிபார்க்க வேண்டும். புரொப்பெல்லர் பட்டறைக்காரரிடம் போகும்போது டிங்கியோடு எடுத்த சுழற்சி எண்ணைக் கொடுங்கள்.

மேடை முனகுகிறது; போல்ட் பக்கம் பழுப்புக் கசிவு; பில்ஜில் (படகின் அடிக்குழியில்) தண்ணீர்

இந்த மூன்றும் ஒரே நோயின் மூன்று வயது. சில படகுகளில் மேடை படகின் உடலோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும்; அதில் இந்தக் கவலை குறைவு. பிராக்கெட் வைத்துப் பின்சுவரில் போல்ட் போட்ட மேடைதான் கேள்விக்குரியது. அது வடிவமைக்கப்பட்டபோது மனதில் இருந்தது ஈரத்துணியோடு நிற்கும் இரண்டு பேர். நின்றபடி இருக்கும் 130 கிலோ, எதிரலையில் படகு விழும்போது அதைப்போல் இரண்டு மூன்று மடங்காக போல்ட்டை இழுக்கும். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை.

மேடை முனையைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். திடமாக இருக்க வேண்டும். போல்ட்டைச் சுற்றி ஜெல்கோட் என்கிற மேற்பூச்சில் நட்சத்திர வடிவில் மெல்லிய விரிசல் இருந்தால் அங்கே அசைவு இருக்கிறது. தேநீர் நிறத்தில் வடிந்த கோடு இருந்தால் துவாரத்துக்குள் நீர் போய்வருகிறது. பல படகுகளின் பின்சுவருக்குள் ஒட்டுப்பலகை உண்டு. அது ஊறினால் மெல்ல மெல்ல மட்கும். ஒரு சின்ன ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், மட்கிய இடம் மொத்தென்று கேட்கும்.

இந்த இடத்தில் எல்லோரும் செய்வது நட்டை இறுக்குவது. மட்கிய பலகையில் இறுக்கினால் அது இன்னும் நசுங்கும். ஒரு மாதம் நிம்மதி, பிறகு மேலும் மோசம். இறுக்காமல், ஒரே ஒரு போல்ட்டை வெளியே எடுங்கள். அதன் நடுத்தண்டைப் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காற்றோட்டமில்லாத ஈர இடுக்கில் குழிகுழியாக அரிக்கும். தலையும் நட்டும் பளபளவென்று இருக்க, நடுவே பாதிதான் மிஞ்சியிருக்கும். அப்படி ஒன்று கண்டால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். துவாரத்துக்குள் கம்பி விட்டுச் சுரண்டிப் பாருங்கள்: ஈரமான கருப்புத் தூள் வந்தால் அது பட்டறை வேலை, டிங்கியை அதுவரை இறக்கி வைக்க வேண்டும். பலகை காய்ந்து திடமாக இருந்தால், புதிய போல்ட், உள்பக்கம் அகலமான உலோகத் தகடு, துவாரத்தைச் சுற்றி பாலிசல்ஃபைட் சீலண்ட் என்று திரும்பப் போடலாம். நிரந்தரப் பசை வகைச் சீலண்ட் வேண்டாம். அடுத்த தடவை கழற்றும்போது ஜெல்கோட்டையும் சேர்த்துப் பிடுங்கும்.

பிராக்கெட்டுகளுக்கு இடைவெளி அதிகமென்றால் நடுவில் இன்னொன்று சேர்க்கலாம். கொக்கிப் பிடிகளையும் தாங்கிகளையும் முடிந்தவரை பிராக்கெட்டுக்கு நேர்மேலே வையுங்கள். இரண்டு பிராக்கெட்டுகளுக்கு நடுவே வைத்தால் அங்கே தொய்வு விழும்.

ஹைட்ராலிக் மேடை ராத்திரியில் தானாக இறங்குகிறதென்றால் சிலிண்டர் சீலோ வால்வோ கசிகிறது. அதை வீட்டில் பிரிக்காதீர்கள்.

கொக்கியின் ரப்பர் பட்டை டியூபிலிருந்து உரிகிறது

கேள்விகளில் அதிகம் வருவது இது. கொக்கி தாங்கும் பட்டை டியூபில் பசையால் மட்டுமே ஒட்டியிருக்கிறது என்பதை நினைத்தால் அதிசயம், அது நிற்பதுதான். பசை, பக்கவாட்டு இழுப்பைத் தாங்கும். ஓரத்திலிருந்து உரிக்கும் இழுப்பைத் தாங்காது. டிங்கி நேராக நின்று எடை கொக்கியில் கீழ்நோக்கி விழும்வரை பக்கவாட்டு இழுப்புதான். டிங்கி பின்னோக்கிச் சாய்ந்தாலோ ஆடினாலோ உரிப்பு தொடங்குகிறது.

எந்த ஓரம் உரிகிறது என்று பாருங்கள். எல்லாப் பட்டையும் சுற்றிலும் உரிந்தால் ஒட்டிய வேலை சரியில்லை. ஒன்று மட்டும் உரிந்தால் உயரக் கோளாறு: டிங்கி மிதக்கும்போது இரண்டு கொக்கியும் பிடிகளுக்கு ஒரே மட்டத்தில் வர வேண்டும், ஒன்று தாழ்ந்திருந்தால் இன்னொன்றே முழு எடையையும் தாங்குகிறது. மேல் ஓரம் மட்டும் உரிந்தால் நிமிர்த்திப் பிடிக்கும் கம்பிகள் தளர்ந்து டிங்கி வெளிப்பக்கம் சாய்கிறது. டியூப் காற்றிறங்கி மெத்தென்று இருந்தாலும் பட்டை வளைந்து உரியும்.

திரும்ப ஒட்டும்போது டியூப் என்ன பொருள் என்பதுதான் முதல் கேள்வி. பி.வி.சி.யா, ஹைப்பலானா? ஹைப்பலான் என்ற பெயரில் டூபான்ட் தயாரிப்பதை 2010இல் நிறுத்திவிட்டது. அதே ரப்பரை வேறு பெயர்களில் வேறு நிறுவனங்கள் செய்கின்றன, மக்கள் பழைய பெயரையே சொல்கிறார்கள். மறைவான ஒரு ஓரத்தில் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள்: ஹைப்பலான் தூளாக உதிர்ந்து மங்கும், பி.வி.சி. வழவழப்பாகவே இருக்கும். ஒன்றின் பசை இன்னொன்றில் நிற்காது. இரண்டுக்கும் இரண்டு பாகம் கலக்கும் பசைதான் வேண்டும். கடையில் கிடைக்கும் ஒற்றைக் குழாய்ப் பசை ஒரு வாரம் ஏமாற்றும்.

பழைய பட்டையைச் சூடான காற்று விட்டு மெதுவாக உரியுங்கள். பழைய பசையை முழுக்க எடுங்கள், இதில்தான் பொறுமை தேவை. ஹைப்பலானைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி டொலுயீனால் துடையுங்கள், பி.வி.சி.யைத் தேய்க்காமல் எம்.இ.கே. என்ற கரைப்பானால் துடைத்தால் போதும். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். இரு பக்கமும் மெல்லிய இரண்டு பூச்சு, ஒவ்வொன்றும் விரலில் ஒட்டாத அளவுக்கு உலரட்டும், பிறகு ஒட்டி நடுவிலிருந்து ஓரம் பார்த்து உருளையால் அழுத்துங்கள். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். சியாட்டிலை ஒட்டிய ப்யூஜெட் சவுண்டில் அது பெரும்பாலும் கோடை மதியத்தில்தான் கிடைக்கும். மற்ற மாதங்களில் டிங்கியைச் சூடேற்றிய கராஜுக்கு எடுத்துப் போங்கள். பல நாள் விட்டுவிட்டு எடை ஏற்றுங்கள். அடுத்த நாளே பயணம் இருக்கிறது என்று அவசரப்பட்டு ஒட்டுவதைவிட அந்தப் பயணத்துக்கு டிங்கியை இழுத்துக்கொண்டு போகலாம்.

காலையில் டியூப் மெத்தென்று, மதியம் கல்லாக

ஓட்டை தேடுவதற்கு முன் வெப்பமானியைப் பாருங்கள். டியூபின் வழக்கமான அழுத்தம் 250 மில்லிபார். 30 டிகிரி வெயிலில் அந்த அளவுக்கு நிரப்பிய டிங்கியை 12 டிகிரி நீரில் இறக்கினால் அழுத்தம் சுமார் 175க்கு இறங்கும். ஒரு துளி காற்றும் வெளியே போகாமலே மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. எதிர்ப்பக்கம் இன்னும் ஆபத்து: குளிர்ந்த காலையில் 250 நிரப்பி, மேடையில் வெயில் பட்டு, கருநிற டியூப் 50 டிகிரிக்குச் சூடானால் 400ஐத் தாண்டும். தையல் விடுவது இப்படித்தான்.

ஆகவே குளிரில் நீரில் மிதக்கும்போது நிரப்புங்கள், மேடைக்கு ஏற்றியதும் கொஞ்சம் காற்றை விடுங்கள், வெயிலுக்கு மூடி போடுங்கள். வெப்பநிலை மாறாமலே ஒரு அறை மட்டும் இறங்கினால் அது ஓட்டைதான்: சோப்புத் தண்ணீரை வால்விலும் தையலிலும் தடவிக் குமிழி பாருங்கள். வால்வில் மணல் சிக்கியிருப்பதே அதிகம்.

அலையில் டிங்கி ஆடுகிறது, இடிக்கிறது

கட்டுப் பட்டை காலையில் தளர்ந்திருந்தால் பட்டையைத் திட்டாதீர்கள். டியூப் குளிர்ந்து சுருங்கியிருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் ராட்செட்டை இழுத்து இறுக்கினால் மதியம் டியூப் விரிந்து பட்டை உள்ளே வெட்டும். கிளம்பும் முன் ஒருமுறை, வெயில் ஏறியபின் ஒருமுறை கை வைத்துப் பார்ப்பதே போதும்.

நிமிர்த்திய டிங்கிக்கு நேர்ச்செங்குத்தைவிடக் கொஞ்சம் உள்பக்கச் சாய்வு வேண்டும். எடை தானாகவே படகின் மேல் சாயும். மேல் விளிம்பின் இரு முனையிலிருந்தும் எதிரெதிர் மூலையிலுள்ள கட்டுமுளைகளுக்குக் குறுக்காக இரண்டு பட்டை கட்டினால் பக்கவாட்டு ஆட்டம் நிற்கும். நேராகக் கட்டினால் நிற்காது. கீழ் டியூப் மேடையின் விளிம்பில் உரசும் இடத்தில் ஒரு தேய்மானப் பட்டை ஒட்டுங்கள்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். 3 மீட்டருக்கு 1.5 மீட்டர் டிங்கியை நிமிர்த்தினால் நாலரைச் சதுர மீட்டர் பாய். பின்காற்று 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வீசினால் அதன்மேல் சுமார் 35 கிலோ தள்ளும்; 30 நாட் என்றால் 80 கிலோவை நெருங்கும். படகுத்துறையை நெருங்கும்போது நீங்கள் நினைத்ததைவிட வேகமாகப் போவதற்கு இது காரணம். பின்பார்வையும் போய்விடுவதால் பின்னால் ஒரு கேமரா வைப்பது ஆடம்பரமில்லை.

இடி விழுவது பெரும்பாலும் கடலால் அல்ல, ஓட்டுபவரால். வேகமாகப் போகும் படகின் த்ராட்டிலைச் சட்டென்று இழுத்தால் படகு தானே எழுப்பிய பின் அலை ஓடிவந்து மேடைமேல் ஏறும். டிங்கியின் கீழ் டியூபை அது கீழிருந்து தூக்கும். கொக்கி திறப்பதும் பட்டை உரிவதும் அந்த நொடியில்தான். வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். சான் வான் தீவுகளை ஒட்டிய ரோசாரியோ நீரிணையிலும் கேட்டில் பாஸிலும் நீரோட்டத்துக்கு எதிராகக் காற்று வீசும்போது எழும் செங்குத்தான குட்டை அலைகள் பின்னாலிருந்து வந்தால் இதே கதி. நீரோட்ட அட்டவணையைப் பார்த்து ஓட்டம் நிற்கும் நேரத்தில் கடப்பதுதான் மருந்து. எந்தப் பட்டையும் அதற்கு ஈடில்லை. டிசெப்ஷன் பாஸில் ஓட்டம் 8 நாட் வரை போகும், அங்கே பேச்சே இல்லை.

படுக்க வைத்த டிங்கிக்கு வேறு ஒரு எதிரி, மழை. உள்பரப்பு இரண்டரைச் சதுர மீட்டர் என்று வையுங்கள். 25 மில்லிமீட்டர் மழையில் 60 லிட்டருக்கு மேல் தேங்கும். 60 கிலோ. மேடையில் இருக்கும்வரை வடிகால் பிளக் திறந்தே இருக்கட்டும், துவாரம் தாழ்வான பக்கம் வரும்படி தாங்கியைச் சாய்த்து வையுங்கள்.

அவுட்போர்டு நீலப்புகை விடுகிறது, பெட்ரோல் வாடை

டிங்கியை நிமிர்த்தும்போது எஞ்சினை அதிலேயே விட்டால் எஞ்சின் பக்கவாட்டில் படுக்கும். ஃபோர் ஸ்ட்ரோக்கின் எண்ணெய் தவறான பக்கம் படுத்தால் சிலிண்டருக்குள் இறங்கும். கிளப்பும்போது நீலப்புகை வந்தால் கொஞ்சம் எண்ணெய் எரிகிறது, அவ்வளவுதான். ஆனால் கயிறு இழுபடாமல் முட்டி நின்றால் பலம் காட்டாதீர்கள்: ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, மெதுவாக இழுத்து எண்ணெயை வெளியேற்றி, துடைத்து, எண்ணெய் அளவைச் சரிபார்த்து அப்புறம் கிளப்புங்கள். எந்தப் பக்கம் படுக்கலாம் என்று எஞ்சின் உறையிலோ கையேட்டிலோ குறித்திருப்பார்கள்.

நிரந்தரத் தீர்வு, டிங்கி சாயும்போது எஞ்சின் மட்டும் நிமிர்ந்தே நிற்கும்படி சுழலும் பிராக்கெட், அல்லது எஞ்சினைக் கழற்றிக் கைப்பிடிக் கம்பியில் மாட்டுவது. முன்னது வசதி, பின்னது எடையையும் திருட்டையும் சேர்த்துக் குறைக்கும். பெட்ரோல் டேங்கை எப்போதும் எடுத்துவிடுங்கள். மூடியின் காற்றுத்திருகு திறந்திருந்தால் சாய்ந்த டேங்க் மேடைமேல் ஒழுகும், அதற்கு அடியில்தான் சூடான புகைக்குழாய்.

தண்ணீரில் விழுந்தவர் ஏற முடியவில்லை

ஏணி மேடையில் இருக்கிறது, மேடையை டிங்கி அடைத்திருக்கிறது. ப்யூஜெட் சவுண்டின் நீர் கோடையிலும் பல இடத்தில் 10 முதல் 13 டிகிரிதான். சில நிமிடத்தில் கை விரல் மடங்காது. ஐரோப்பியப் பொழுதுபோக்குப் படகு விதி 2013/53, தண்ணீரில் இருப்பவர் பிறர் உதவியின்றி எட்டக்கூடிய ஏறும் வழி ஒவ்வொரு படகிலும் வேண்டும் என்கிறது. உங்கள் படகு அங்கே விற்கப்பட்டதோ இல்லையோ, அந்தச் சோதனையைச் செய்துபாருங்கள்: துறைமுகத்தில், டிங்கி ஏற்றிய நிலையில், எஞ்சின் அணைத்து, ஒருவர் நீரில் இறங்கித் தானாக ஏற முயலட்டும். முடியாவிட்டால் படகின் பக்கத்தில், நீரிலிருந்து இழுத்தால் விரியும் பையில் ஒரு கயிற்றேணி கட்டுங்கள். டிங்கியை ஒற்றை ஆளாக எத்தனை நேரத்தில் தண்ணீரில் தள்ள முடிகிறது என்பதையும் அன்றைக்கே பார்த்துக்கொள்ளுங்கள். திறப்புக் கயிறு மறுபக்கம் முடிச்சுப் போட்டிருந்தால் அந்த நேரம் நீளும்.

இறக்கியதும் டிங்கிக்குள் தண்ணீர் ஏறுகிறது

வடிகால் பிளக்கைப் போடவில்லை. எஞ்சினின் பாதுகாப்புச் சாவியோடு அதைச் சேர்த்துக் கட்டி வையுங்கள். சாவியை எடுக்காமல் எஞ்சின் ஓடாது.